ஆங்கில வகுப்பில் யார் பேசுகிறார்கள்?

கிராமப்புற இளைஞர்களின் அடிப்படைத் திறன்களை அறிய, ‘பிரதம்’ தொண்டு நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களில், 14 முதல் 18 வயது வரையிலான 34,745 பேரிடம் அந்த ஆய்வு நடைபெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அதற்குத் தேர்வான ஒரே மாவட்டம் பெரம்பலூர்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் வெளியான ‘அசர்’ அறிக்கையின் தேசிய அளவிலான முடிவுகளில் இரண்டை மட்டும் இங்கே அருகருகே வைக்க விரும்புகிறேன். ஆய்வில் பங்கேற்றவர்களில் சுமார் 90 விழுக்காட்டினரின் வீடுகளில் அறிதிறன்பேசி இருக்கிறது. அதைப் பயன்படுத்தவும் ஏறத்தாழ எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால், ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காட்டினர்தான். அப்படிப் படித்தவர்களிலும் நான்கில் மூவரால்தான் படித்ததற்குப் பொருள் சொல்ல முடிந்தது. ஆக, பத்தாண்டுகளாகப் பள்ளியில் ஆங்கிலம் பயின்ற நூறு பேரில், ஓர் எளிய ஆங்கில வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்பவர்கள் நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து பேர்.

கையில் கருவி வந்து சேர்ந்த வேகத்தில் மொழி வந்து சேரவில்லை. இந்த இடைவெளியை இன்னும் கூடுதலான கருவிகளைக் கொண்டு நிரப்பிவிட முடியுமா என்பதே கேள்வி. தமிழ்நாடு அரசு அதற்கு முடியும் என்று விடையளித்திருக்கிறது, பணமும் ஒதுக்கியிருக்கிறது. ரூ.455.32 கோடியில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு ரூ.101.48 கோடியில் கையடக்கக் கணினிகள் என்பவை 2024-இல் நடைமுறைக்கு வந்த திட்டங்கள். வகுத்துப் பார்த்தால், ஒரு வகுப்பறைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய். ஓர் ஆசிரியருக்குப் பன்னிரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். கல்விக்கு இது வீண் செலவு என்று நான் கருதவில்லை. ‘சமக்ர சிக்ஷா’ நிதியில் தமிழகத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்திருந்த காலத்திலும் இத்தகைய பணிகள் நின்றுவிடவில்லை என்பதைப் பாராட்டவே வேண்டும். ஆனால், பொருளியல் படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு செலவு என்று கேட்ட உடனே, எதனுடைய பற்றாக்குறையை அது தீர்க்கிறது என்றும் கேட்பான்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைப் பொருத்தவரை இந்தக் கேள்வி கூடுதல் அழுத்தம் பெறுகிறது. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007-இல் நிலையாகத் தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, பெரம்பலூரில் அது 74 விழுக்காடு, அரியலூரில் 71 விழுக்காடு. ஒருபுறம் மக்காச்சோளமும் பருத்தியும் செட்டிகுளம் சின்ன வெங்காயமும். மறுபுறம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் முந்திரிக் காடுகளும். இவை நெடுங்கால அடையாளங்கள். அண்மையில் இவற்றோடு காலணித் தொழில் சேர்ந்திருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2023 நவம்பரில் காலணிப் பூங்கா திறக்கப்பட்டது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனம் ஒன்றின் ரூ.1,000 கோடி மதிப்பிலான காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 15,000 பேருக்கு வேலை கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது.

இந்த வேலைகளில் பெரும்பகுதி உள்ளூர்ப் பெண்களுக்குச் செல்லும். நல்லதுதான். தையல் இயந்திரத்தின் முன் அமர்வதற்கு ஆங்கிலம் தேவையில்லை. ஆனால், தரக் கட்டுப்பாடு, ஏற்றுமதி ஆவணம், கணக்கு, மேற்பார்வை, வெளிநாட்டு வாங்குநரோடு காணொலி உரையாடல் என ஆலையின் மற்றொரு கூடத்தில் அமர அது தேவைப்படும். அந்தக் கூடத்தில் வேப்பந்தட்டைப் பெண் அமர்வாளா, வெளியூரிலிருந்து வருபவர் அமர்வாரா என்பது இன்று ஏழாம் வகுப்பில் நடக்கும் ஆங்கிலப் பாடத்தில் தீர்மானிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இருக்கும் சந்தை மதிப்பைப் பொருளியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். மெஹ்தபுல் ஆஸம், ஏமி சின், நிஷித் பிரகாஷ் ஆகிய மூவர், 2005-இன் தேசியக் குடும்ப ஆய்வுத் தரவுகளைக் கொண்டு எழுதி 2013-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பலரும் மேற்கோள் காட்டுவது. வயது, கல்வி, சமூகப் பிரிவு, வாழிடம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், சரளமாக ஆங்கிலம் பேசும் ஆண்களின் மணிநேர ஊதியம், அறவே பேசாதவர்களைவிட 34 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஓரளவே பேசுபவர்களுக்குக் கூடுதல் 13 விழுக்காடுதான். அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் உண்டு; அதை எடுத்துச் சொல்வோர் குறைவு. கல்வி மிகுந்தவர்களுக்கே ஆங்கிலத்தால் மிகுந்த பலன் கிடைத்தது. அதாவது, ஆங்கிலம் தனியாக நின்று பலன் தருவதில்லை. பாட அறிவோடு சேரும்போதுதான் தருகிறது. ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ என்று விளம்பரம் செய்யும் செயலிகள் விற்பது, சேராத அந்தப் பாதியை.

இதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். செந்துறை, குன்னம், ஆண்டிமடம் பகுதிக் கிராமங்களிலிருந்து வந்த மாணவர்கள், தேவை நெகிழ்ச்சியைத் தமிழில் விளக்கச் சொன்னால், சின்ன வெங்காயத்தின் விலை ஏறிய ஆண்டையும் வீழ்ந்த ஆண்டையும் வைத்து, பாடநூலாசிரியரே பொறாமைப்படும் வண்ணம் விளக்குவார்கள். அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், அந்த வெங்காயம் மறைந்துவிடும். மனப்பாடம் செய்த வரையறை மட்டும் தாளில் இருக்கும். பொருளியல் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் சொல்ல ஒரு வாக்கியம் கைவசம் இல்லை.

வாக்கியம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலச் சொற்களுக்கு இப்பகுதியில் பஞ்சமே இல்லை. போர்வெல், மோட்டார், கரண்ட், டிராக்டர், ஸ்ப்ரேயர், லோன், சப்சிடி என்று ஒரு விவசாயியின் காலைப் பேச்சிலேயே இருபது ஆங்கிலச் சொற்கள் வந்துவிடும். ஆனால், வேப்பூரிலோ தா.பழூரிலோ ஒரு குழந்தை, பள்ளிக்கு வெளியே முழுமையான ஆங்கில வாக்கியம் ஒன்றை, அதுவும் தன்னிடம் சொல்லப்பட்ட ஒன்றை, ஒரு வாரத்தில் எத்தனை முறை கேட்கும்? பெரும்பாலும் ஒருமுறைகூட இல்லை. 1968 ஜனவரியில் அண்ணா அரசு நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம் தொடங்கி, 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை வரை, ஆங்கிலம் நமக்கு இரண்டாம் மொழி. சென்னை அண்ணா நகரில் அது உண்மை. இங்கே அது அயல் மொழி. இரண்டாம் மொழியைக் குழந்தை சுற்றுப்புறத்திலிருந்து பாதி கற்றுக்கொள்ளும்; அயல் மொழியை முழுவதும் வகுப்பறையே கற்பித்தாக வேண்டும். நம் பாடநூல்கள் அண்ணா நகரை மனத்தில் கொண்டு எழுதப்படுகின்றன. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டதும் இந்த நிலையை மாற்றிவிடவில்லை; அவற்றில் பலவற்றில் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, விளக்கம் தமிழில் நடக்கிறது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். தொழில்நுட்பத்தால் கல்வி மேம்படுமா என்பதில் ஆரவாரங்களுக்கு அப்பால் சில நல்ல ஆய்வுகள் உள்ளன. பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிக் குழந்தைகளுக்குத் தலைக்கு ஒரு மடிக்கணினி வழங்கினார்கள். மொழியிலும் கணிதத்திலும் தேர்ச்சி உயரவில்லை. குஜராத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் கணினி வழிக் கணிதத்தைச் சோதித்தார் லீ லிண்டன். வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு கணினியிடம் கொடுத்தபோது, குழந்தைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றனர். பள்ளி முடிந்த பிறகு கூடுதல் நேரமாகக் கொடுத்தபோது நன்றாகக் கற்றனர். அதே கணினி, அதே மென்பொருள். தில்லியில் கார்த்திக் முரளிதரன் குழுவினர் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளை ஆராய்ந்தபோதும், பள்ளிக்குப் பிந்தைய மையங்களில் நாலரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் கணிசமான முன்னேற்றம் தெரிந்தது. அந்த மென்பொருள் ஒவ்வொரு குழந்தையும் உண்மையில் எந்த வகுப்பின் நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கியது என்பதே அதன் வெற்றிக்குக் காரணம். எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நான்காம் வகுப்புக் குழந்தையை எட்டாம் வகுப்புப் பாடத்தின் காணொலியால் எழுப்ப முடியாது.

நம் பொருளுக்கு மிக நெருக்கமான ஆய்வு மகாராஷ்டிரத்தில் நடந்தது. ஃபாங் ஹே, லீ லிண்டன், மார்கரெட் மெக்லியோட் ஆகியோர் ‘பிரதம்’ அமைப்பின் ஆங்கிலக் கற்பித்தல் திட்டத்தை ஆராய்ந்து 2008-இல் எழுதினர். படத்தை ஒரு கோலால் தொட்டால் அதன் ஆங்கிலச் சொல்லை ஒலிக்கும் சிறிய மின்னணுக் கருவி ஒருபுறம். அட்டைகளைக் கொண்டு ஆசிரியர் நடத்தும் விளையாட்டுகள் மறுபுறம். இரண்டுமே பலனளித்தன. ஆனால், பலன் ஒரே குழந்தைகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஏற்கெனவே ஓரளவு கற்றிருந்த குழந்தைகள் கருவியோடு தனியே விடப்பட்டபோது வேகமாக முன்னேறினார்கள். பின்தங்கியிருந்த குழந்தைகளோ ஆசிரியர் நடத்திய விளையாட்டுகளால்தான் கூடுதலாகப் பயனடைந்தார்கள். பின்தங்கிய மாவட்டத்துக்குத் திரையை அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்கும் எவரும் இந்த முடிவை ஒருமுறை வாசிக்க வேண்டும். ஆசிரியர் குறைவான இடத்துக்குக் கருவி என்பது நிர்வாகத்துக்கு எளிதான கணக்கு. குழந்தைக்கு அது தலைகீழான கணக்கு.

அப்படியானால் ஆங்கில வகுப்பில் உண்மையான பற்றாக்குறை எது? அது பேசும் நேரம் என்பது என் கருத்து. ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள், நாற்பது நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தாலும், ஒரு மாணவருக்கு ஒரு நிமிடம். ஆசிரியர் பாதி நேரம் பேசினால் அரை நிமிடம். வருகைப்பதிவு, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, அமைதிப்படுத்துவது எல்லாம் போக மிஞ்சுவது விநாடிகள். ஆண்டுக்கு இருநூறு நாள்கள் இது தினமும் நடந்தாலும், ஒரு குழந்தை ஓராண்டில் ஆங்கிலம் பேசிய நேரம் இரண்டு மணிக்கும் குறைவு. நீச்சல் குளத்தில் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் இறங்கியவருக்குப் பத்தாண்டுகளில் நீச்சல் வருமா?

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாம் வாங்கியிருக்கும் கருவிகள் வேறு விதமாகத் தெரியும். திறன்மிகு வகுப்பறையின் பெரிய திரை, முன்பு ஆசிரியர் பேசியதை இப்போது தான் பேசுகிறது. 2018 முதல் பாடநூல்களில் அச்சிடப்படும் விரைவுக் குறியீடுகள், ‘கல்வித் தொலைக்காட்சி’, ‘மணற்கேணி’ செயலியின் காணொலிகள் ஆகியவை நேர்த்தியானவை. கேட்கும் திறனுக்கு உதவுபவை. ஆயினும் குழந்தை வாய் திறக்கும் நேரத்தை அவை ஒரு விநாடிகூட நீட்டுவதில்லை. மாறாக, மலிவான கைப்பேசி ஒன்றின் ஒலிப்பதிவு வசதி அதை நீட்டும். செந்துறை பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை செய்வதைக் கண்டேன். வகுப்பை நால்வர் குழுக்களாகப் பிரிக்கிறார். ஒரே நேரத்தில் பத்துக் குழுக்களும் பேசுகின்றன. இரைச்சல் சந்தை போலத்தான் இருக்கிறது. நாளுக்கு ஒரு குழு, வராந்தாவில் நின்று தன் உரையாடலைப் பதிவு செய்து, தானே கேட்டு, பிடிக்கவில்லை என்றால் அழித்து மறுபடி பதிவு செய்கிறது. “அவங்க அஞ்சு தடவை அழிக்கிறாங்க சார், அந்த அஞ்சு தடவைதான் பாடம்” என்றார் அந்த ஆசிரியை. அந்தக் கைப்பேசி அவருடைய சொந்தக் கைப்பேசி. அந்தப் பள்ளியில் பெரிய திரையும் இருக்கிறது. அதைக் காணொலிப் பாடத்துக்கும் கூட்டங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

விழுப்புரம் மாவட்டம் கந்தாடு கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் நகைகளைப் பணமாக்கித் தம் வகுப்பறையைச் சீரமைத்து ஆங்கிலம் கற்பித்த செய்தி 2017-இல் பரவலாகப் பேசப்பட்டது. அவர் ஒலியியலில் தொடங்கினார் என்பதும், குழந்தைகள் பேசுவதைக் காணொலியாக்கிப் பகிர்ந்தார் என்பதும் செய்தியின் இரண்டாம் பத்தியில் கிடந்தன. நகைதான் தலைப்பானது. ஆசிரியரின் தியாகத்தைத் தலைப்பாக்கி, முறையை மறந்துவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

ஒலியியல் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் கோட்டும், ஆடும், கணினிக் குறியீடும் ஆங்கிலத்தில் ஒரே ‘கோட்’தான். க என்ற ஓர் எழுத்து இடத்துக்கேற்ப வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் ஒலிக்கும். அதனால் பொருள் மாறாது. ஆங்கிலத்திலோ பொருளே மாறிவிடும். சொல்லின் இறுதியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்வது (புக்கு, பஸ்ஸு), சொல்லின் தொடக்கத்தில் ஓர் இகரம் நுழைவது (இஸ்கூல்), எகரத்துக்கு முன் யகரம் வருவது ஆகியவை அறியாமையின் அடையாளங்கள் அல்ல. தமிழின் இலக்கண ஒழுங்கு வேற்று மொழியில் தன் வேலையைச் செய்வது. வினையை இறுதியில் வைக்கும் மொழியிலிருந்து நடுவில் வைக்கும் மொழிக்குப் போவது, வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னே ஒட்டும் வழக்கத்திலிருந்து முன்னே தனிச் சொல்லாய் வைக்கும் வழக்கத்துக்கு மாறுவது எல்லாம் எந்த ஐந்து இடங்களில் தடுக்கும் என்பதைத் தமிழறிந்த ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். வெளிநாட்டில் உருவாகும் பெரும்பாலான செயலிகளுக்கு, எதிரே இருப்பது தமிழ்க் குழந்தையா பிரேசில் குழந்தையா என்பது பொருட்டல்ல. குழந்தை படிப்பதைக் கேட்டுத் திருத்தும் ‘ரீட் அலாங்’ போன்ற இலவசச் செயலிகள் வந்திருப்பது வரவேற்கத்தக்கதே. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாத குழந்தைக்கு அது பெரிய துணை. இப்போது செயற்கை நுண்ணறிவோடு பேசியே பழகலாம் என்ற நிலையும் வந்துவிட்டது. கேலி செய்யாத, களைப்படையாத, எத்தனை முறை தவறினாலும் முகம் சுளிக்காத எதிராளி! வெட்கமே முதல் தடையாக இருக்கும் கிராமத்து மாணவருக்கு இதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேசும் நேரம் என்ற பற்றாக்குறையை நேராகத் தொடும் முதல் தொழில்நுட்பம் இதுதான். ஆனால், அதற்குத் தலையணிக் கேட்பொறி வேண்டும், இணையம் வேண்டும், குழந்தைக்கென்று ஓர் அரைமணி நேரம் வேண்டும்.

நம் மாநிலத்துக்கு இத்துறையில் நீண்ட அனுபவம் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1950-களின் இறுதியில் தொடங்கி, பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு, அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க ஓர் இயக்கம் நடந்தது. சிலர் பயிற்சி பெற்று, அவர்கள் பலருக்குப் பயிற்சியளித்து, அந்தப் பலர் மேலும் பலருக்கு அளிப்பது என்ற ஏற்பாட்டால் அதற்குப் ‘பனிப்பந்து’ என்று பெயர். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சி பற்றிய எழுத்துகளில் இன்றும் அது குறிப்பிடப்படுகிறது. பனிப்பந்து உருள உருளப் பெரிதாகும். நம் வெயிலில் உருகவும் செய்யும். கடைசி அடுக்கில் இருந்த ஆசிரியரை அடைந்தபோது பயிற்சியின் சாரம் நீர்த்துப்போயிருந்தது இத்தகைய அடுக்குமுறைப் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை. இன்றைய இணையவழிப் பயிற்சியில் அந்தக் குறை இல்லை. எல்லோருக்கும் ஒரே காணொலி போய்ச் சேருகிறது. அதற்குப் பதிலாக, யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாத வேறொரு குறை வந்திருக்கிறது.

பிறகு, 1979 முதல் 1984 வரை, பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையோடு என்.எஸ்.பிரபு நடத்திய பரிசோதனை. இலக்கண விதிகளைச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற செயல்களை மாணவர்களிடம் கொடுத்தார். விடையைத் தேடும் மும்முரத்தில் மொழி தானாக வந்தது என்பது அவர் வாதம். செயல்வழி மொழிக் கல்வி என்று இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் கோட்பாட்டின் தோற்றுவாய்களுள் இது ஒன்று. அதற்குச் செலவு, ஒரு கால அட்டவணையின் விலை. அரியலூர்க் குழந்தைகளுக்கு ரயில் அட்டவணை உண்டு. பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது என்றாலும் பேருந்து அட்டவணை போதும். உழவர் சந்தை விலைப் பட்டியலும், சுண்ணாம்புக்கல் லாரியின் எடைச் சீட்டும்கூட நல்ல ஆங்கிலப் பாடங்களே. அவற்றை ஒரு திரையில் போட்டுக் கேள்வி கேட்டால் திரைக்கும் வேலை கிடைக்கும்.

இவற்றையெல்லாம் ஒரு ஆசிரியர் ஏன் செய்ய வேண்டும்? பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு நூறு மதிப்பெண்ணுக்கு நடக்கிறது, நூறும் எழுத்துக்கே. முன்பு இரண்டு தாள்களாக இருந்தது 2019-20 முதல் ஒரே தாளாகியது. அப்போதும் பேச்சுக்கு ஒரு மதிப்பெண்கூடச் சேரவில்லை. எதற்கு விலை இல்லையோ அதை யாரும் உற்பத்தி செய்யமாட்டார்கள் என்பது முதலாமாண்டுப் பொருளியல். தேர்ச்சி விழுக்காட்டில் அரியலூரும் பெரம்பலூரும் அண்மை ஆண்டுகளில் மாநிலத்தின் முன்வரிசை மாவட்டங்களோடு போட்டியிடுகின்றன. ஆசிரியர்களின் உழைப்புக்கு அது சான்று. அதே உழைப்பு பேச்சின் பக்கம் திரும்ப வேண்டுமானால், பத்து மதிப்பெண்ணாவது அதற்கு வேண்டும். நேரில் வைக்கும் வாய்மொழித் தேர்வில் தாராளம் காட்டப்படும், எல்லோருக்கும் முழு மதிப்பெண் விழும் என்ற அச்சம் நியாயமானது. இங்கேதான் தொழில்நுட்பம் உண்மையாகவே உதவும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர் பேசுவதைப் பதிவு செய்து, பெயரை மறைத்து, வேறு மாவட்ட ஆசிரியரைக் கொண்டு மதிப்பிடலாம். பெரம்பலூர்ப் பதிவுகளை நாகப்பட்டினத்தில் திருத்தலாம். விடைத்தாள்களுக்கு நாம் செய்வதுதானே இது?

கைப்பேசிக்கு வருகிறேன். பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் என்பது பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கி இன்றுவரை நீடிக்கும் ஒரு சொற்றொடர். யாருடைய கைப்பேசிக்கு? மேலே சொன்ன ‘அசர்’ ஆய்வில், கைப்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்பிள்ளைகளில் 43.7 விழுக்காட்டினருக்குச் சொந்தமாக ஒன்று இருந்தது, பெண்பிள்ளைகளில் 19.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. தந்தை சிமென்ட் ஆலையிலிருந்தோ வெங்காய மண்டியிலிருந்தோ திரும்பி வந்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு அண்ணனிடமிருந்து பத்து நிமிடம் கிடைக்கும் கைப்பேசியில் ஆங்கிலப் பயிற்சி செய்யும் சிறுமியை நினைத்துப் பாருங்கள். காலணி ஆலையின் எந்தக் கூடத்தில் அவள் அமர்வாள் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை. கைப்பேசி வழங்குவது தீர்வாகாது. அதுவும் அண்ணனிடம்தான் போய்ச் சேரும். பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகவும் சமமாகவும் கிடைக்கக்கூடிய கணினி, பள்ளியில் இருக்கும் கணினி மட்டுமே.

2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினி இந்தப் பாடத்தையே சொல்கிறது. என் மாணவர்களிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை திரைப்படம் பார்க்கவே பயன்பட்டன. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்து மாணவர் ஒருவர், அடியில் ஓடும் எழுத்துகளோடு ஆங்கிலப் படங்களைப் பார்த்தே, மூன்றாமாண்டுக்குள் என்னோடு ஆங்கிலத்தில் வாதிடும் அளவுக்கு வந்தார். ஆனால், அவர் ஏற்கெனவே ஓரளவு கற்றவர். மகாராஷ்டிர ஆய்வில் கருவியோடு தனியே விடப்பட்டு முன்னேறிய குழந்தையின் வகை. மற்றவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் தேவைப்பட்டார். பெரம்பலூரில் மாவட்ட ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது ‘சூப்பர் 30’ என்ற பெயரில் அரசுப் பள்ளி மாணவர்களைத் திரட்டிச் சிறப்புப் பயிற்சி அளித்தபோதும் அதன் உயிர்நாடி, மாணவர்களோடு கூடுதல் நேரம் அமர்ந்த ஆசிரியர்கள்தாம். பெருந்தொற்றுக்குப் பின் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதங்களில் மீண்டதாகவும், அந்த மீட்சியில் கால் பங்கு அளவுக்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களே காரணம் என்றும் தெரியவந்தது. திண்ணையில் அமர்ந்து மாலையில் ஒன்றரை மணி நேரம் பாடம் சொன்ன உள்ளூர்ப் பெண்கள் அவர்கள்.

அதே பெண்களில் பட்டம் பெற்றவர்களைப் பள்ளியின் கணினி ஆய்வகத்துக்குள் மாலையில் அழைத்துவர முடியும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆய்வகம் இருக்கிறது. இணைய இணைப்பு இருக்கிறது. பகலில் இணையவழித் தேர்வுகளும் ‘எமிஸ்’ பதிவேற்றமும் அந்தக் கணினிகளை எடுத்துக்கொள்கின்றன. மாலை நான்கரை முதல் ஐந்தரை வரை அவை சும்மா இருக்கின்றன. இருபது கணினிகள், இருபது தலையணிக் கேட்பொறிகள், ஒரு தன்னார்வலர். நாளுக்கு இருபது பேர் வீதம், ஒரு மாணவர் வாரம் இருமுறை அரைமணி நேரம் பேசினாலும், மேலே கணக்கிட்ட ஓராண்டுப் பேச்சு நேரம் இரண்டே வாரத்தில் கிடைத்துவிடும். கேட்பொறிகளுக்கு ஒரு பள்ளிக்குப் பத்தாயிரம் ரூபாய் போதும். தன்னார்வலருக்கு இப்போது தருவதைவிடக் கௌரவமான ஒரு தொகை தர வேண்டும். ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கும், கருவி பழுதானால் தலைமையாசிரியர் பொறுப்பேற்க வேண்டுமா என்பவைதாம் நடைமுறையில் எழும் உண்மையான தடைகள். தணிக்கைக்கு அஞ்சிப் பூட்டி வைக்கும் தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. இயல்பான பயன்பாட்டில் ஏற்படும் பழுதுக்கு அவரிடம் பணம் பிடித்தம் செய்யப்படாது என்று ஓர் அரசாணை வந்தால் பாதிக் கதவுகள் திறந்துவிடும்.

மீதிப் பாதி பேருந்தைப் பொருத்தது. ஐந்தரை மணிக்கு ஆய்வகத்திலிருந்து வெளியே வரும் பெண்பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். பள்ளி விடும் நேரத்துக்கு வரும் நகரப் பேருந்தை விட்டால் பல கிராமங்களுக்கு அடுத்த பேருந்து எட்டு மணிக்குத்தான். இரு மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்களும் தங்கள் பள்ளிகளின் பட்டியலோடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்ட அதிகாரிகளைச் சந்தித்து, எந்தெந்தத் தடத்தில் ஐந்தே முக்கால் மணிக்கு ஒரு நடை விட முடியும் என்று கேட்கலாம். ஆங்கிலக் கற்பித்தல் பற்றிய கூட்டம் ஒன்றில் பேருந்து நேரம் பேசப்பட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).